அக்காவுக்குக் கட்டிய குளியலறை

என் அக்கா காத்தாயிக்குக் கோபம் வந்தால் கீரமங்கலம் கடைத்தெரு வரை கேட்கும். எனக்குக் கோபம் வந்தால் பள்ளிக்கூடத்தில் நான் நடத்தும் மூன்றாம் வகுப்போடு நின்றுவிடும். பிடிவாதத்தில் மட்டும் நாங்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தாம்.

கல்யாணமான நாலாம் வருடமே கணவனைப் பறிகொடுத்துவிட்டு வீடு திரும்பியவள். அப்பாவும் போன பிறகு மூன்று மா நிலத்தையும் என்னையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். கமலை கட்டித் தண்ணீர் இறைத்தாள், கடலை போட்டாள், என்னைப் படிக்கவைத்து வாத்தியார் ஆக்கினாள். இத்தனைக்கும் சேர்த்து 1959-ல் அவளுக்கு முடக்குவாதம் வந்தது. முழங்கால் இரண்டும் வீங்கின. விரல்கள் கோணிக்கொண்டன. முழுசாக மடக்கவும் வராது, நீட்டவும் வராது. அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது.

குளத்துப் படி இறங்க முடியாமல் போனதும், கொல்லையில் ஓலைத் தட்டி மறைவில் ஒரு சப்பட்டைக் கல்லின் மேல் நின்று குளிக்க ஆரம்பித்தாள். பாசி பிடித்த கல். ஆறு மாதத்தில் இரண்டு தடவை விழுந்தாள்.

"இனிமே பொன்னுத்தாய் ஒன்னையக் குளிப்பாட்டி விடட்டும்க்கா" என்றேன். பொன்னுத்தாய் என் மனைவி. நல்ல மனசுக்காரி, அவளும் தலையை ஆட்டினாள்.

"பொறந்தப்ப ஒருத்தி குளிப்பாட்டுனா. போறப்ப நாலு பேரு சேந்து குளிப்பாட்டப் போறீங்க. நடுவுல உள்ளதெல்லாம் என் குளியல். அதுல எவ கையும் படக் கூடாது" என்றாள் அக்கா.

பொன்னுத்தாய் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கமலை போய்விட்டது, களத்துமேடு போய்விட்டது, சொந்தத் தலையைச் சொந்தக் கையால் வாரிக்கொள்வதும் போய்விட்டது. யாரையும் கேட்காமல் அவள் செய்துகொண்டிருந்தது இந்தக் குளியல் ஒன்றுதான்.

சரி, செங்கல் வைத்து ஒரு குளியலறையே கட்டிவிடுவோம் என்று கிளம்பினேன். ஆள் பிடித்ததில்தான் கோட்டைவிட்டேன். வீரய்யா கொத்தனார் செட்டியார் வீடுகளில் சுவர் இழைத்து வந்தவர். இழைத்த இடத்தில் முகம் தெரியாவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. எங்கள் குளியலறைக்குச் சிவப்புக் காவி கலந்த சிமெண்டுத் தரை போட்டு, வழவழப்பான கல்லால் மூன்று நாள் உட்கார்ந்து தேய்த்தார். தெருவே வந்து குனிந்து முகம் பார்த்துவிட்டுப் போனது. நானும் குனிந்து மீசையைச் சரிசெய்துகொண்டேன். வாத்தியார் மூளை அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. திருவரங்குளம் வைத்தியர் கொடுத்த வாதத் தைலத்தை உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு, அக்கா உள்ளே போய்த் தாழ் போட்டாள். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிய சத்தம் கேட்டது. அடுத்துக் கேட்டது 'தொம்'.

"அக்கா!" என்று கதவை இடித்தேன்.

"உள்ள வந்தேன்னா அப்புறம் தெரியும் சேதி. போடா அங்கிட்டு!"

உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. அதன் பிறகு அரை மணி நேரம். தரையில் நகர்கிற சத்தம், ஒரு முனகல், கோணல் விரலால் தாழ்ப்பாளைத் தட்டித் தட்டி அசைக்கிற சத்தம். கடைசியில் ஈரப் புடவையை எப்படியோ சுற்றிக்கொண்டு அவளே திறந்து வந்தாள். எலும்பு முறியவில்லை. முழங்கை வீங்கியிருந்தது. பயந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"போதும்க்கா. நாளையிலேருந்து பொன்னுத்தாய்தான் குளிப்பாட்டுவா. பேச்சே கெடையாது!"

அவள் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அடுத்த வெள்ளி வரைக்கும் பொறு, ஆத்மநாதா. அன்னைக்கும் விழுந்தேன்னா நீ சொன்னபடி கேக்குறேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை தெருவில், "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல்லு கொத்தலையோ" என்று இருளாயியின் குரல் கேட்டது. வருடத்துக்கு இரண்டு முறை உளியும் சுத்தியலுமாக வருகிறவள். எங்கள் அம்மியில் போன தடவை அவள் கொத்தியதே இன்னும் தேயவில்லை. இருந்தும் அக்கா அவளைக் கூப்பிட்டு நேராகக் குளியலறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அம்மி எங்கிட்டு ஆத்தா இருக்கு?"

"நீ நிக்கிறியே, அதான். மொளகா அரைக்கப் போறதில்ல. காலு நிக்கணும், தோலு கிழியக் கூடாது. அந்தப் பதத்துக்குக் கொத்து."

பாதித் தரை முடிவதற்குள் சேதி வீரய்யாவுக்கு எட்டிவிட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "அய்யய்யோ, கண்ணாடியில உளிய வைக்கிறீங்களே! சார், படிச்ச மனுசன் நீங்க, பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே!"

"வீரய்யா, கொத்தாத பக்கத்துல எண்ணெக் காலோட நாலு எட்டு நடந்து காட்டு. அப்புறம் நிப்பாட்டச் சொல்றேன்" என்றாள் அக்கா.

ரோசக்காரர். வேட்டியை மடித்துக் கட்டினார். அக்கா அவர் பாதத்தில் தைலத்தை ஊற்றி, தரையில் ஒரு செம்பு தண்ணீரையும் ஊற்றினாள். முதல் எட்டு வைத்தார். இரண்டாவது எட்டை அவர் வைக்கவில்லை, தரைதான் வைத்தது. விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே தன் முகத்தைத் தரையில் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருளாயி, இந்த மூலையில இன்னும் நெருக்கமாக் கொத்து" என்றார்.

மறுநாள் அவரே வந்து, எங்கள் பழைய வண்டியின் நுகத்தடியைச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பதித்தார். ஒல்லியான கம்பி அக்காவின் விரலுக்குப் பிடிபடாது. நுகத்தடி என்றால் கையைக் கோத்துக்கொள்ளலாம். அது அக்காவின் யோசனை. உட்காருவதற்குக் கல் உரலைக் கவிழ்த்துப் போடச் சொன்னபோதுதான் பொன்னுத்தாய் பதறினாள்.

"ஒரல்ல உக்காரக் கூடாது அண்ணி, குடும்பத்துக்கு ஆகாது!"

"முப்பது வருசம் இதுல குத்துன கை இது. எனக்கு உக்கார எடங் குடுக்க மாட்டேன்னு அந்த ஒரலு வந்து சொல்லட்டும், கேக்குறேன்."

உரல் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று, தாழ்ப்பாள் வேண்டாம் என்று. யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். கதவில் துண்டு தொங்கினால் அவள் உள்ளே இருக்கிறாள் என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு முருங்கை மரத்தடியில் நின்றேன். தண்ணீர் விழுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு நின்றுபோனது. கதவருகே போய்விட்டேன். தள்ளக் கையையும் தூக்கிவிட்டேன்.

"யார்ரா அது கதவுகிட்ட? முதுகு தேச்சுக்கிட்டு இருக்கேன்!"

கையை இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் நுகத்தடியை விட்டு, வாசற்காலைப் பிடித்து, தலை சொட்டச் சொட்ட அக்கா நடந்து வெளியே வந்தாள். நான் அழுதுவிட்டேன். மறைக்கவில்லை.

"எதுக்குடா அழுவுற, எழவு வீடா இது? அடுத்த வெள்ளிக்கு நீ பள்ளிக்கூடம் போகணும். காவலுக்கு ஆளு வச்சுக் குளிக்க நான் என்ன மகாராணியா?"

அடுத்த வெள்ளி பள்ளிக்கூடம் போனேன். பாடம் என்ன நடத்தினேன் என்று இன்றைக்கும் தெரியாது. மத்தியானம் ஓட்டமும் நடையுமாக வந்து கொல்லையைப் பார்த்தேன். அக்காவின் புடவை கொடியில் கிடந்தது. அந்த விரல்களால் பிழிய முடியாமல் அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறாள். கீழே சிறு குளமே கட்டியிருந்தது. பொன்னுத்தாய் அதை எடுத்துப் பிழியக் கை நீட்டினாள்.

"விடு, வெயிலு காய வச்சுக்கிரும்" என்றேன்.