நான் தலையாட்டியதும் திரும்பிப் போன பதிவுத் தபாலும்

எங்கள் உபதபால் கந்தோருக்குச் சுற்றறிக்கை ஏதும் வந்தால் போஸ்மாஸ்டர் ஐயா கதவு திறக்க முந்தி அதை உரத்து வாசிப்பார். கேட்க நான் ஒருத்திதான் இருப்பேன். கூட்டுகிறது, தண்ணீர் அள்ளி வைக்கிறது, கடிதங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்கிறது, பையைக் கட்டிச் சைக்கிளில் பெரிய கந்தோருக்குக் கொண்டுபோகிறது, இதுகள்தான் என் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி விலாசம் வாசிப்பேன். என் பெயரை மட்டும் வடிவாக எழுதுவேன்.

வாசித்து முடிய ஐயா தாளின் அடியில் பென்சிலால் ஒரு புள்ளடி போடுவார். அந்த இடத்தில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். "வாசிக்கக் கேட்டேன், விளங்கிக்கொண்டேன்" என்று அதற்கு அர்த்தம். விளங்கினாலும் வைப்பேன், விளங்காவிட்டாலும் வைப்பேன். விளங்கவில்லை என்று ஒரு ஆம்பிளைக்கு முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு எந்தக் காலத்திலும் வாய் வந்ததில்லை.

உருத்திரபுரத்துக்கு அங்கால் ஒரு குடியேற்றத் திட்டத்தில்தான் அந்தக் கந்தோர் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை தொடங்கின பிறகு வவுனியாவில் இருந்து தபால் நினைத்த நேரம்தான் வரும். வந்தால் இரண்டு மாதத்துத் தபால் ஒன்றாய் வரும், வராவிட்டால் ஒன்றுமே இல்லை. சுற்றறிக்கைகளும் அப்படித்தான் முன்னுக்குப் பின்னாக வந்து சேரும். பை கட்டுகிற நேரம் மாறியிருக்கிறது என்று ஒன்று, பார்சலுக்குள் பற்றரி வைத்தால் ஏற்க வேண்டாம் என்று இன்னொன்று. ஒருமுறை "முந்தைய சுற்றறிக்கை இத்தால் இரத்துச் செய்யப்படுகிறது" என்று வந்தது. முந்தையது எங்களுக்கு வரவே இல்லை. ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "வராததை நான் எப்பிடிப் பிள்ளை இரத்துச் செய்யிறது?" என்று என்னைக் கேட்டார். மூன்று கிழமைக்குப் பிறகு அந்த முந்தையது வந்தது. அதையும் வாசித்தார். அதற்கும் கையெழுத்து வைத்தேன்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாததை இனித்தான் எழுத வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கந்தோருக்கு வருகிறவர் தன் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகமாட்டார். வாய்க்கால் வழியே இருக்கிற அவ்வளவு வீட்டுக் கடிதங்களையும் "தாங்கோ, குடுத்துவிடுறன்" என்று வாங்கிப் போவார். பதிவுத் தபாலும் அப்படித்தான் போகும். கொண்டுபோகிறவரை ஐயாவுக்கோ எனக்கோ தெரிந்திருந்தால் போதும்.

ஒருநாள் வெள்ளைச் சேர்ட் போட்ட ஒருவர் வந்தார். எங்கள் வாய்க்காலில் ஒரு அம்மாவுக்கு வெளிநாட்டில் இருந்து மகன் அனுப்பிய பதிவுத் தபால் வந்து கிடந்தது. தான் அந்த அம்மாவின் தமையன் மகன் என்றும், நெடுங்கேணியில் இருந்து வருவதாகவும், மாமிக்குக் காய்ச்சல் என்றும் சொன்னார். ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதரும் என்னைப் பார்த்து, "அக்காவுக்கு என்னைத் தெரியும். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கண்டு கதைச்சது மறந்திட்டியளோ அக்கா?" என்று சிரித்தார்.

அந்த வருசம் நான் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போனது உண்மை. ட்ரக்டர் பெட்டியில் ஊரே போனது. அங்கே எத்தனை சனம் என்னோடு கதைத்தது, நான் யாரைக் கண்டேன், யாரைக் காணவில்லை? இவரை நினைவே இல்லை. ஆனால் "உங்களைத் தெரியாது" என்று சொன்னால் அவர் முகம் வாடும், அம்மாளின் பொங்கலையே பொய் என்று சொன்னது போலாகும் என்று எனக்கு வெட்கமாக வந்தது. நான் தலையாட்டினேன்.

ஐயா கடிதத்தைக் கொடுத்தார். பிறகு பார்த்தால் வந்த ஆள் எழுதின பெயரும் பொய், ஊரும் பொய். வெளிநாட்டுக் கடிதத்துக்குள் காசு இருக்கும் என்று நினைத்து வந்தவனாக்கும். உள்ளே இருந்தது மகன் தாயைத் தன்னிடம் வெளிநாட்டுக்குக் கூப்பிட அனுப்பின பேப்பர்கள். அந்த அம்மா கந்தோர் வாசலில் நின்று மண் அள்ளித் திட்டினார். விசாரணை வந்தது. கொடுத்தது ஐயா, ஆள் தெரியும் என்றது நான். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். அதற்கும் கையெழுத்து வைத்தேன்.

கொஞ்ச நாளில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பல இடங்களில் ஆள்மாறாட்டம் செய்து பதிவுத் தபால் எடுக்கிறார்களாம். இனிமேல் விலாசத்தில் உள்ளவர் நேரே வர வேண்டும், தேசிய அடையாள அட்டை காட்ட வேண்டும், உறவினர் அயலவர் ஒருவரிடமும் கொடுக்கக் கூடாது. ஐயா ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்தார். இரண்டாம் தரம் எனக்காகத்தான் வாசித்தார் என்று எனக்குத் தெரியும்.

இதற்குப் பிறகுதான் அவளுக்குக் கடிதம் வந்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்த சனங்கள் இருந்தார்கள். அதில் ஒருத்திக்குத்தான் அந்தக் கடிதம். அவளும் புருசனும் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு வந்தவர்கள். எங்கள் வயலில் அவளும் நானும் சேர்ந்து களை பிடுங்கியிருக்கிறோம். மூத்தது வயிற்றில் இருக்கும்போது, தலைப்பிள்ளையைத் தாய் வீட்டில்தான் பெற வேண்டும் என்று அவள் திரும்பவும் தோட்டத்துக்குப் போனாள். பஸ்ஸில் சாப்பிட நான்தான் புட்டுக் கட்டிக் கொடுத்தேன். பிள்ளை அங்கே பிறந்தாள், பதிவும் அங்கேதான். குழந்தையோடு திரும்பி வந்தாள். அந்தப் பிள்ளை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்துப் பத்தாம் வகுப்பு முடித்து, சோதனைக்கு நின்றாள். சோதனை எழுத அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். கொண்டு வந்த பிரதி மழையில் ஊறிப் போய்விட்டது. தாயின் தங்கச்சி தோட்டத்தில் இருந்து வேறு பிரதி எடுத்து, தொலைந்துவிடக் கூடாது என்று பதிவுத் தபாலில் தாயின் பெயருக்கு அனுப்பியிருந்தாள்.

பதிவுத் தபால் வந்திருக்கிறது என்று நாங்கள் அனுப்பின துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தாய் ஓடி வந்தாள்.

"ஐயா, வந்திருச்சுங்களா?"

"வந்திருக்கு. அடையாள அட்டையைக் காட்டு."

"மலைநாட்டு ஆளுகன்னு எங்களுக்கு அட்டை குடுக்கலீங்களே ஐயா. புள்ளைக்கு அட்டை எடுக்கத்தான் அந்தக் கடுதாசியே வருது."

"அட்டை இல்லாமல் தரேலாது. எழுத்திலை இருக்கு."

அவள் மடியில் இருந்து, அரிசி மா எடுக்கிற நிவாரண அட்டையை எடுத்து நீட்டினாள். ஐயா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதிலை படம் இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார்.

வாசல் வாங்கில் குந்தியிருந்த கிழவர் ஒருவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வாய்க்காலுக்கு அங்காலையும் பதிவுத் தபால் வரத் துடங்கிட்டுதோ? இனித் தந்தியும் வரும்."

"வந்தா ஒங்களுக்கும் வாசிச்சுக் காட்டச் சொல்றேன் ஐயா. எம் புள்ள படிச்சவ" என்றாள் அவள்.

நான் பின்னால் நின்று கடிதக் கட்டுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் நூலைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை பிறக்க முந்தியே இவளைத் தெரிந்தவள் இந்தக் கந்தோருக்குள் நான்தான். தெரியாத ஒருவனுக்கு ஆட்டின தலை, தெரிந்தவளுக்கு ஆடாமல் நின்றது. இதை எழுதும்போதும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

ஊர்ப் பதிவுக்குப் பொறுப்பான விதானையாரிடம் போய் ஆளை உறுதிப்படுத்திக் கடிதம் வாங்கி வரும்படி ஐயா சொன்னார். அவள் போனாள். விதானையார், "உன்ரை பேர் என்ரை இடாப்பிலை இல்லை, பிறப்புப் பத்திரம் கொண்டு வா, ஆளை உறுதிப்படுத்தித் தாறன்" என்றார். அவள் திரும்பி வந்து அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பத்திரம் இருக்கிற கடிதத்தை எடுக்கப் பத்திரம் வேண்டும். ஐயா சுற்றறிக்கையை எடுத்து இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, "நான் என்ன செய்ய?" என்று பேனையை எடுத்துக்கொண்டார். மூன்று முறை நடந்தாள். மூன்று முறையும் அதே கதைதான்.

எடுக்காத பதிவுத் தபாலைக் குறித்த நாளுக்கு மேல் வைத்திருக்க ஏலாது, திருப்பி அனுப்ப வேண்டும். அந்த நாளும் வந்தது. காலையில் ஐயா அதை அலுமாரியில் இருந்து எடுத்து, மேலே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்.

"ஐயா" என்றேன்.

"என்ன?"

"எனக்கு அவவைத் தெரியும். நான் கையெழுத்து வைக்கிறன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்த சனம் முழுக்கத் தெரியும் பிள்ளை" என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. அவரும் சொன்ன பிறகு குரலைத் தணித்து, "இஞ்சை பார், நான் கூடாதவன் இல்லை. எனக்கும் அவளைத் தெரியும். ஆனா முகத்தைப் பாத்துக் குடுக்கச் சொல்லி இதிலை போடேல்லை. அட்டையைப் பாக்கச் சொல்லித்தான் போட்டிருக்கு. இன்னொருக்கா விசாரணை வந்தா எனக்கும் வேலை இல்லை, உனக்கும் வேலை இல்லை" என்றார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரம். பிழை இல்லாத ஒரு மனிதனோடு என்னென்று சண்டை பிடிக்கிறது?

கடிதத்தைப் பட்டியலில் எழுதிப் பைக்குள் வைத்தார். பையின் வாயை நான்தான் கட்டினேன். அவர் முடிச்சின் மேல் அரக்கை உருக்கி விட்டு முத்திரை பதித்தார். பையைச் சைக்கிளின் பின்னால் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வாய்க்கால் கரைதான் வழி. அவள் மறுபக்கம் மதகடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு இருந்தாள். பையைக் கண்டதும் எழும்பி, கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு மதகைத் தாண்டி வந்தாள்.

"போகுதாக்கா?"

"ஓம்."

"இதுக்குள்ளதானா?"

"ஓம்."

அவள் பையின் மேல் கையை வைத்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறது மாதிரி. திறக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. என்னை ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "வெயில் ஏறுதுக்கா, நீங்க போங்க" என்றாள். நான் சைக்கிளை மிதித்தேன். வழி முழுக்க அந்த அரக்கு முத்திரையைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஒரு தட்டுத் தட்டினால் உடைந்துவிடும். நான் தட்டவில்லை. அது நேர்மையோ பயமோ என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த பை வர மூன்று கிழமை எடுத்தது. அதற்குள் ஒரு சுற்றறிக்கை இருந்தது. ஐயா வழமை போல வாசித்தார். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் பதிவுத் தபால் கொடுக்கலாமாம். நிவாரண அட்டையைப் பார்த்து, அடையாள அட்டை உள்ள ஒருவர் ஆளைத் தெரியும் என்று பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்தால் போதுமாம். கந்தோரில் வேலை செய்கிறவரே வைக்கலாமாம்.

ஐயா வாசித்துக்கொண்டு போகப் போகக் குரல் இறங்கியது. "திகதி என்னையா?" என்று கேட்டேன். அவர் தாளை என் பக்கம் திருப்பினார். அவளுடைய பதிவுத் தபால் எங்களிடம் வந்து சேர முந்தியே எழுதின சுற்றறிக்கை அது. எங்கேயோ ஒரு சாக்குக்குள் கிடந்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு வந்திருக்கிறது.

ஐயா அடியில் புள்ளடி போட்டார். பேனையை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"என்ன பிள்ளை?"

"நான் வைக்கமாட்டன்."

"ஏன்?"

"விளங்கேல்லை ஐயா."

அத்தனை வருசத்தில் அந்தச் சொல்லை அப்போதுதான் சொன்னேன். ஐயா தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். கந்தோர் திறக்கிற நேரம் தாண்டிவிட்டது, வெளியில் யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் எழும்பவில்லை. ஒரு தபாலட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "அவளின்ரை தங்கச்சியின்ரை விலாசம் தெரியுமோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். பை கட்ட முந்தி, அந்த உறையின் பின்பக்கத்தில் இருந்த அதைத்தானே எழுத்துக் கூட்டி வாசித்து வாசித்துப் பார்த்தேன்.

பத்திரத்தைத் திரும்ப அனுப்பச் சொல்லி ஐயா தன் கையாலேயே எழுதினார். அன்று பின்னேரம் நான் அவளிடம் போய்ச் சொன்னேன். "இனி வந்தா எடுக்கலாம் தங்கச்சி. நானே பொறுப்பெடுக்கிறன்." அவள் தலையை ஆட்டினாள். உள்ளுக்குள் பிள்ளை பள்ளிக்கூடக் கொப்பிகளை ஒரு பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். சோதனைக்கு விண்ணப்பம் அனுப்புகிற நாள் அந்தக் கிழமையோடு முடிந்தது. அந்த வருசம் அவள் கூடப் படித்த பிள்ளைகள் சோதனை எழுதப் போகும்போது, அவள் தாயோடு எங்கள் வயலில் களை பிடுங்கினாள். நான் அவளுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

மாரி மழை முடியப் பத்திரம் வந்தது. தங்கச்சிக்காரிக்குப் பதிவுத் தபாலில் நம்பிக்கை போய்விட்டதாக்கும், சாதாரண முத்திரை ஒன்றை ஒட்டி அனுப்பியிருந்தாள். கட்டுக்குள் மற்றக் கடிதங்களோடு கிடந்தது. அன்று பிள்ளைதான் கந்தோருக்கு வந்தாள். நான் எடுத்துக் கையில் கொடுத்தேன். அட்டையும் கேட்கவில்லை, சாட்சியும் கேட்கவில்லை.

பிள்ளை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கையெழுத்து வைக்கத் தேவையில்லையோ அன்ரி?"

"தேவையில்லை."

"ஆரெண்டாலும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாமோ?"

"ஓம்" என்றேன்.

அவள் உறையைச் சைக்கிள் கூடைக்குள் வைத்தாள். பிறகு, "அப்ப முதலே இப்பிடி அனுப்பியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனாள். உள்ளே ஐயாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பை கட்டுகிற நேரம் ஆகிவிட்டது. நான் கயிற்றை எடுத்தேன்.