தொட்டாச்சிணுங்கிக்குள் தொலைந்த பசு

தொட்டாச்சிணுங்கி முள் கணுக்காலில் கீறினால் அப்போது ஒன்றும் தெரியாது... வேர்வை இறங்கும்போதுதான் காந்தும். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த காலத்தில் அந்தக் காந்தல் இல்லாத நாள் கிடையாது.

எழுபதுகளின் கடைசி. நான் சொல்லச் சொல்ல மகள் டைப் செய்கிறாள், பிழை இருந்தால் அவளுடையது.

வீட்டில் ஒரு சிவப்புப் பசு. தலையீற்று, நிறைமாதம். என் மனைவி பாக்கியத்தின் தோடுதான் அந்தப் பசுவாக மாறியிருந்தது.

ஒருநாள் வேலை முடிந்து வந்தால் கயிறு மட்டும் கிடக்கிறது.

நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் மரம் சாய்த்த வெட்டவெளி முழுக்கத் தொட்டாச்சிணுங்கி. மாடு நடந்தால் இலை மூடிக் கோடு போட்டமாதிரி வழி தெரியும். கொஞ்ச நேரத்தில் திரும்ப விரிந்துவிடும்... அதற்குள் பிடிக்க வேண்டும். அன்றும் கோடு தெரிந்தது. நானும் பாக்கியமும் பாதி தூரம் போயிருப்போம்.

அதற்குள் செய்தி கேட்டு லயமே திரண்டு வந்துவிட்டது. நாலு பக்கமும் மிதித்தார்கள். வெட்டவெளி மொத்தமும் மூடிக்கொண்டது. கோடு போச்சு.

"அண்ணே, ஆளுக்கொரு பக்கம் போலாமா?" என்றான் பக்கத்து வீட்டு முனியாண்டி.

"போனது போதும்லா. நின்ன எடத்துலயே நில்லுங்க," என்றாள் பாக்கியம்.

"நின்னா மாடு வந்துருமாக்கா?"

"வாய வேணும்னா ஆட்டு. கால ஆட்டாத."

நின்றோம். வேலையில் சும்மா நிற்பவர்களைத் திட்டியே பழகிய எஸ்டேட் மண்டோரும் நின்றார்.

இலைகள் மெல்ல விரிந்தன... கால்வாய் ஓரம் ஒரு இடத்தைத் தவிர. அங்கே மட்டும் விரியப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தது.

ஓடினோம். லாலான் புல் மறைவில், கால்வாய்க்குள் பசு ஓரத்துச் செடிமேல் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. கன்றின் முன்னங்கால்கள் மட்டும் வெளியே. கத்தக்கூடப் பசுவுக்குத் தெம்பில்லை. நான் தலையைப் பிடித்துக்கொள்ள, முனியாண்டியும் மண்டோரும் கன்றை இழுத்தார்கள்.

கிடாரி. தாயும் பிழைத்தது.

மறுநாள் பாக்கியம் சீம்பால் காய்ச்சி, மிதித்துக் கெடுத்த அத்தனை வீட்டுக்கும் கொடுத்தாள். "உனக்கு மட்டும் ரெண்டு கரண்டி. நீதான் ரொம்ப மிதிச்ச," என்றாள் முனியாண்டியிடம்.

இப்போது ஜெலாப்பாங்கில் மகளுடைய பிளாட்டில் இருக்கிறேன். கார் பார்க் ஓரத்திலும் தொட்டாச்சிணுங்கி உண்டு. போன மாதம் கீழ்வீட்டுக்காரருடைய பூனை காணாமல் போனது. பிளாட்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டாராம். எல்லாரும் கும்பிடுகிற கை அனுப்பியிருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள்.

அன்று மத்தியானம் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அந்த மனிதர் ஒவ்வொரு காருக்கு அடியிலும் குனிந்து தேடிக்கொண்டிருந்தார், தனியாக.

மிதிக்க ஆளில்லாமல், புல் ஓரமெல்லாம் இலைகள் நன்றாக விரிந்திருந்தன.