மிலிட்டரி அண்ணனின் இருமல்

இருமல் வந்தால் மிலிட்டரி அண்ணன் முதலில் தொப்பியைக் கழற்றுவார். மண்ணரை என்ற ஊரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு அவர்தான் வாட்ச்மேன். முழு உடுப்போடு இருமுவது அவருக்கு அவமானம். தொப்பியை நாற்காலியில் வைத்து, சுவர்ப் பக்கம் குனிந்து, நெஞ்சு கிழிய இருமி முடித்து, மறுபடி அணிந்து நிமிர்வார். பல ஊர்களில் பல வேலை பார்த்தவன் நான். நோயை இவ்வளவு ஒழுங்காக நடத்திய ஆளைக் கண்டதில்லை.

பட்டாளத்தில் அவர் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்தவர். அடைத்த கொட்டகைக்குள் மெஷினால் அடிக்கும்போது வாயில் கட்ட ஒரு கைக்குட்டைதான். லீவில் வரும்போதே இருமலோடு வருவார் என்பார் அவர் மனைவி. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் ஓய்வு பெறும்போது நடந்த பரிசோதனையில், வரிசையில் நின்ற எல்லோரையும் போல இவரும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார். நோய் என்று சொன்னால் வேலைக்கு ஒளிகிறவன் என்று அங்கே பெயர். பின்னால் நுரையீரல் கெட்டு ஊனப் பென்ஷன் கேட்டபோது அன்று குறையில்லை என்று சொன்ன அந்தப் பேச்சே குறுக்கே நின்றது. பனியன் கம்பெனிப் பஞ்சால் வந்த நோய் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

மேல்முறையீட்டில் மருத்துவப் பரிசோதனைக்குக் கோவை ராணுவ ஆஸ்பத்திரிக்கு அழைத்தார்கள். துணைக்கு அக்காவோடு நானும் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் இருமினார். உள்ளே சீருடையில் ஒரு பெண் டாக்டர். கண்டதும் அண்ணன் குதிகால் சேர்த்து விறைத்து நின்றார்.

"மூச்சு எப்படி இருக்கு?"

"சப் டீக் ஹை, மேடம்!"

எல்லாம் நலமாம். அக்காவுக்கு வந்ததே கோபம். "ஏனுங்க, இதைச் சொல்லத்தான் பஸ்ஸேறி வந்தீங்களா? நம்பாதீங்க டாக்டரம்மா. படுத்தா மூச்சு நிக்குதுங்க. செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டேதான் தூங்கறாருங்க."

"ஆபீசர் முன்னால என்ற மானத்த வாங்காத," என்றார் அண்ணன், விறைப்புக் கலையாமல்.

டாக்டர் சிரிக்கவில்லை. "எப்ப இருந்து இப்படின்னு நீங்க சொல்லுங்க. உங்க வாயால வந்தாத்தான் நான் எழுத முடியும்."

அண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கொட்டகையிலயே முடியலீங்க மேடம். அன்னிக்கே முடியலீங்க."

அவரைப் பேசவைக்க அத்தனை சத்தம் போட்ட அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நோய் பட்டாளத்தில் வந்ததுதான் என்று ஒப்புக்கொண்டு உத்தரவு வந்தது. பென்ஷனும் வருகிறது. நான் இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். போன வாரம் போனில் விசாரித்தேன்.

"இப்பெல்லாம் முடியலீன்னா முடியலீன்னு சொல்லிடறாரு," என்றார் அக்கா. "அதுதான் தம்பி எனக்குப் பயமா இருக்குது."