வட்டம் என்ற சீட்டு

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. சொல், வேர், பொருள், அவ்வளவுதான். கறை படிந்த சீட்டை வாங்க மாட்டோம். சாந்தோமில் வீட்டிலிருந்தே எழுதித் தரும் ஃப்ளோரா டீச்சர், முப்பது வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியவர். ஒரு புள்ளி பிசகாது. அப்படிப்பட்டவர் ‘வட்டம்’ என்ற ஒரே சீட்டை மூன்று வாரமாக இழுத்தடித்தார். கோபத்தோடு நேரில் போனேன். அன்று கல்லறைத் திருநாள்.

கணவர் ஆரோக்கியநாதனின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார் டீச்சர். ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். இருபது சீட்டுகள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ‘வள் என்பது வேர். வளைந்து சென்று, புறப்பட்ட இடத்தையே சேர்வது.’ வடமொழியிலிருந்து வந்த சொல் என்பவரிடம் சண்டைக்கே போவார். எல்லாவற்றிலும் காபிக் கறை.

“தினம் எழுதி வெச்சுட்டுக் காலைப் பூசைக்குப் போறேன், ப்ரியா. வந்து பார்த்தா டம்ளர் தடம். அவர் போனதுலேர்ந்து இந்த வீட்ல காபியே போடறதில்ல.”

வயதானால் மறதி வராதா என்று நினைத்துக்கொண்டே பின்புறம் குறித்திருந்த தேதிப்படி அடுக்கினேன். முதல் சீட்டில் நகக்கீற்று அளவு வளைவு. அடுத்ததில் கொஞ்சம் கூடுதல். பத்தாவதில் பாதி வட்டம். நேற்றைய சீட்டில் கடுகளவு இடைவெளிதான் பாக்கி.

“அவர் போன அன்னிக்கும் சீட்டு மேலதான் டம்ளரை வெச்சார். ‘இனிமே என் மேசைப் பக்கமே வராதீங்க’ன்னு கத்துனேன். எழுந்து பீச்சுக்கு நடந்தார். அங்கயே மாரடைப்பு. நான் அவர்கிட்ட கடைசியா பேசினது அதுதான்” என்று அழுதார்.

“இன்னிக்கு எழுதின சீட்டு எங்க, டீச்சர்?”

“உள்ள மேசைல இருக்கு. தனியா போய்ப் பார்க்கப் பயமா இருக்கு.”

சேர்ந்து போனோம். சீட்டில் தடம் முழுதாக மூடியிருந்தது. நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். டீச்சர் நகரவில்லை. எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து, “இங்கயே வைங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார்.

பிறகு சீட்டை என்னிடம் நீட்டினார். “இதையே எடுத்துட்டுப் போ. இனிமே மாத்தி எழுத மாட்டேன்.”

வாங்கினேன். தடம் இருந்த இடத்தில் காகிதம் சுட்டது.