பஞ்சுக்குக் கொண்டுவந்த கட்டை

பட்டறையில் அவருக்குக் 'கண்ணாடி' என்று பெயர். அவர் வார்னிஷ் ஏற்றிய மேசையைப் பார்த்தே முகச்சவரம் செய்துகொள்ளலாம் என்பார்கள். முப்பது வருடமாக அதே வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவும் தனிக்கட்டைதான். இரண்டு அறை வீட்டில் இருவரும் காலத்தை ஓட்டினார்கள்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அக்கா இரண்டு முயல் வாங்கினாள். வெள்ளை முயல் பஞ்சு, சாம்பல் முயல் மிளகு. வந்த வாரமே இரண்டும் கட்டில் காலைக் கொறித்துத் தள்ளின.

"பல்லு வளந்துகிட்டே இருக்குமாம்டா. கடிக்க மரம் வேணும். உங்க பட்டறையில எவ்வளவு துண்டு கிடக்கும், ஒண்ணு கொண்டாயேன்" என்றாள் அக்கா.

கிடந்ததை அப்படியே எடுத்து வந்திருக்கலாம். தொழில் பழகிய கை கேட்கவில்லை. சாண் நீளக் கட்டையைப் பார்த்து எடுத்து, சிராய் ஏறாதபடி தேய்த்து, வார்னிஷும் இரண்டு பூச்சு கொடுத்துக் கொண்டுவந்தார். மிளகு மோந்துவிட்டு விலகிப் போனது. பஞ்சு ஆசை ஆசையாய்க் கொறித்தது.

ஒரு வாரம் கழித்துப் பஞ்சு தீனியைத் தொடவில்லை. மூலையில் சுருண்டு பல்லை நறநறவென்று கடித்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் கூடவே கொண்டுபோயிருந்த அந்தக் கட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இது மேல என்ன பூசியிருக்கீங்க?"

கண்ணாடி சொன்னார்.

"பூச்சு, பெயின்ட், பசை எதுவும் முயலுக்கு ஆகாதுங்க. வெறும் மரம்தான் கொடுக்கணும். மருந்து அடிக்காத ஆப்பிள் கிளை, மல்பெரி கிளை, அந்த மாதிரி."

திரும்பும் வழியில், பஸ்ஸில், அக்காவின் மடியிலேயே பஞ்சு போய்விட்டது.

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் அவருக்கு ஆறியிருக்கும். சோறு போட்டாள், சட்டை துவைத்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

பட்டறைக்குப் பின்தெருவில் ஒரு வீட்டில் மல்பெரி மரம் நின்றது. கதவைத் தட்டி, "மரத்துக்கு மருந்து ஏதாவது அடிக்கிறீங்களா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். அன்று முதல் வாரம் ஒரு கட்டுக் குச்சி. கழுவி, வெயிலில் உலர்த்தி, விரல் நீளத்துக்கு நறுக்கினார். ஆனால் மிளகு அவர் கையிலிருந்து வாங்கவில்லை. கையில் ஊறிப்போன வார்னிஷ் நெடி எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை. குச்சிகளை அடுப்படியில் வைத்துவிட்டுப் போவார். அக்கா எடுத்துக் கொடுப்பாள். கொறிக்கும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும்.

நாலு வருடம் இப்படியே போனது. பிறகு வயதாகி மிளகும் செத்தது.

கூண்டைக் கழுவும்போது அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நீ கட்டையைக் கொண்டுவந்த அன்னிக்கே எனக்கு நெடி அடிச்சுதுடா. வேணாம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் முகத்துல அவ்வளவு சந்தோஷம். நான்தான் என் கையால உள்ள வச்சேன்."

"ஏன்க்கா இத்தனை நாளா சொல்லல?"

"ஏன் அன்னிக்கே தடுக்கலன்னு நீ கேப்பே, கேப்பேன்னு பயந்துகிட்டே இருந்துட்டேன்."

அவள் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கி மீதிக் கம்பிகளைத் துடைத்தார். அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள்.