கேட்டுக்கு வெளியே நின்ற வண்டி

என் மகளின் பண்ணைக்குப் பன்றி ஏற்ற வரும் வண்டிக்கு ஆறு சக்கரம். அடியில் தொங்கும் ஸ்டெப்னியைச் சேர்த்தால் ஏழு. கழுவுகிறவர்கள் ஆறைத்தான் கழுவுவார்கள். ஓடாத சக்கரத்தில் என்ன அழுக்கு என்று நினைப்பு. ஓடும் சக்கரங்கள் வாரியடிக்கும் சாணியெல்லாம் போய் ஒட்டிக்கொள்வது அதன் முதுகில்தான். நான் குனிந்து அதையும் பார்ப்பேன். இடுப்பு வலிக்கும், ஆனாலும் பார்ப்பேன்.

மின்சார அலுவலகத்தில் கணக்குப் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் எண்ணாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எண்ணினாலும்தான் வருவதில்லை என்பாள் மனைவி. பண்ணை சத்தியமங்கலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுக்காட்டில் இருக்கிறது. மாப்பிள்ளை பெருந்துறையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். பண்ணையை நடத்துவது மகள்தான். பதினான்கு தாய்ப்பன்றிகள், ஒரு கிடா, மற்றவை வளரும் குட்டிகள். வீடும் கொட்டகையும் ஒரே கம்பிவேலிக்குள். இரண்டு பேரின் சேமிப்பும் வெள்ளைத்தோல் போர்த்திக்கொண்டு அந்தக் கொட்டகைக்குள் உறுமிக்கொண்டிருந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் காய்ச்சல் வந்துவிட்டது என்று செய்தி வந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். தீவனத்தைத் தொடாமல் படுத்த பன்றிகள் காது சிவந்து செத்தன. மிஞ்சியவற்றை அரசாங்க ஆட்கள் வந்து முடித்து, குழி வெட்டிப் புதைத்தார்கள். எப்படி வந்தது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. பன்றி ஏற்ற வந்த ஏதோ ஒரு வண்டி கொண்டுவந்திருக்கலாம் என்று பேச்சு.

அந்த வாரம் மகள் கால்நடை மருத்துவரை வரவழைத்தாள். கேட்டருகே பைக்கை நிறுத்தியவர் உள்ளே வர மறுத்துவிட்டார். காலையில் வேறு பண்ணைக்குப் போய்விட்டு வருகிறாராம். வேலிக்கு வெளியே நின்றே பேசினார். "இதுக்கு மருந்தும் இல்லீங்க, ஊசியும் இல்லீங்க. உள்ள வராம பாத்துக்கறது ஒண்ணுதான்" என்றார். வண்டியின் சாணியை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும், பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், அதற்கப்புறம்தான் கிருமிநாசினி, கடைசியில் வெயிலில் காயவிட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். சாணிக்கு மேல் எவ்வளவு மருந்து அடித்தாலும் அது சாணிக்குத்தான் வாசனை, கிருமிக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

எங்களுக்குப் பெரிய பயம் வேறு ஒன்றில். பன்றி வழுக்கி விழாமல் இருக்க வண்டித் தளத்தில் தேங்காய் நார்த்தூள் பரப்பியிருப்பார்கள். நாலு பண்ணை சுற்றி வருவதற்குள் அது சாணியும் மூத்திரமும் ஊறி நல்ல எருவாகிவிடும். எங்கள் பக்கத்தில் எருவைக் கண்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. "அப்படியே நம்ம தென்னைக்குத் தள்ளி உட்டுட்டுப் போங்க" என்று டிரைவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம். எந்த ஊர்ப் பன்றியின் சாணி என்று யாரும் கேட்டதில்லை. அப்படி வாங்கிக்கொள்கிறவர்களில் முதல் ஆள் என் சம்பந்தி, மகளுக்கு மாமனார். அவருடைய தென்னந்தோப்பு மகளின் பண்ணை வேலியை ஒட்டியே இருக்கிறது.

மகள் முடிவு செய்துவிட்டாள். கொட்டகையிலிருந்து சாலையோர வேலி வரை பன்றி நடந்துபோக ஒரு சந்து கட்டினோம். வேலியோரம் ஏற்றுமேடை போட்டோம். வண்டி வெளியே நின்றபடியே பின்பக்கத்தை மேடையில் ஒட்ட வேண்டும். வண்டியும் உள்ளே வரக்கூடாது, வண்டியோடு வருகிறவரும் வரக்கூடாது. கேட்டுக்குக் காவல் நான். என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டான் என்று மகள் சிரித்தாள். சந்தேகப்படுவதற்கு ஒரு வேலை கிடைத்ததில் எனக்கும் திருப்திதான்.

வண்டி வந்தது. டிரைவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பண்ணை தொடங்கிய நாளிலிருந்து வருகிறவர். உள்ளே வந்து, தொட்டியில் கைகால் கழுவி, கட்டிலில் உட்கார்ந்து மகள் கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் ஏற்றவே தொடங்குவார். அன்று கேட்டருகே கையை நீட்டி அவரை நிறுத்தினேன். காய்ச்சல் பரவுகிறது, இனி இப்படித்தான் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். வண்டியை மேடைக்கு ஒட்டிவிட்டு, கீழே கொட்டிய நார்த்தூளை வாரிச் சம்பந்தியின் தோப்புக்குள் தள்ளிவிட்டார். அதை நான் கண்டும் தடுக்கவில்லை. என் காவல் கேட்டோடு நின்றுவிட்டது.

மத்தியானம் ஆகிவிட்டதால் மகள் தட்டில் சோறு போட்டுக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பசிக்கலீங்க அம்மணி."

காலையிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவருக்கு ஏன் பசிக்கவில்லை என்று கேட்டேன். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்கய்யன் இந்தப் பக்கத்துத் தோட்டத்துல பண்ணையத்துக் கூலியாளா இருந்தாருங்க. அவரையும் இப்படித்தானுங்க, வேலிக்கு வெளிய நிக்க வெச்சு சோறு போட்டாங்க. அப்ப யாரும் காய்ச்சல்னு சொல்லலீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பன்றிகளை ஏற்றினார், கதவைப் பூட்டினார், போய்விட்டார்.

அடுத்த முறை வர வேண்டிய வண்டி வரவில்லை. விற்க வேண்டிய இருபத்தாறு பன்றிகள் நின்று தின்றுகொண்டிருந்தன. கொட்டகையில் இடம் நெருக்கடியாகி, ஒன்றின் வாலை ஒன்று கடித்தன. விதியைத் தளர்த்திவிடலாமா என்று நானே ஒருமுறை வாய் விட்டேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிக்கொண்டேன். ஆனால் அவளுக்கும் அன்றைய சோற்றுத்தட்டு மனதில் கிடந்தது. வண்டி அனுப்பும் பன்றி வியாபாரியிடம் பேசினாள். டிரைவரிடமும் போனில் பேசினாள். அவர் ஊம் கொட்டியதோடு சரி.

கடைசியில் வியாபாரி விரட்டியதால் வண்டி வந்தது. டிரைவர் கேபினை விட்டு இறங்கவே இல்லை. ஏற்றிக்கொள்ளுங்கள் என்பதுபோல் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தளம் காய்ந்திருந்தது, ஆனால் ஸ்டெப்னியில் பச்சைச் சாணி. நான் அதைச் சொல்ல வாயெடுக்கும் நேரத்தில், தோப்புப் பக்கமிருந்து சம்பந்தி இளநீர்க் குலையோடு வந்து கேட்டைத் தள்ளினார். செருப்பு முழுக்க எரு. தென்னை அடியில் எருவை அணைத்துக்கொண்டிருந்தாராம்.

மகள் ஓடிவந்து உள்ளிருந்து கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, உள்ள வராதீங்க."

சம்பந்திக்குக் காதில் விழவில்லையோ என்னவோ, இன்னொரு அடி வைத்தார். அவள் கேட்டை விடவில்லை.

"அந்த எருவு எந்தப் பண்ணையிலிருந்து வந்துதுன்னு தெரியாதுங்க மாமா. நீங்களும் அங்கயே நில்லுங்க."

எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனாரைக் கேட்டில் நிறுத்துவது சின்ன விஷயம் இல்லை. சம்பந்தி முகம் கறுத்தது. "என்ற மகன் ஊட்டுக்குள்ள நான் வாரதுக்கு உன்ற உத்தரவு வேணுமா?" என்றார். வேணுமுங்க மாமா என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார். நான் சம்பந்தி முறையில் சமாதானம் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். டாக்டரையே உள்ளே விடவில்லைங்க என்றேன். அது முழு உண்மை இல்லை, டாக்டர் தானாகவே நின்றுகொண்டார். ஆனால் அந்த நேரத்துக்கு அது போதும் என்று பட்டது.

கேபின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. டிரைவர் இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வீட்டுக்குள் போய்ப் பாயையும் சோற்றுப் போசியையும் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தேன். சாலையோர வேப்பமரத்தடியில் விரித்து மூன்று இலை போட்டேன். சம்பந்தி இலைகளைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். டிரைவர், கேபினிலேயே தின்றுகொள்கிறேன் என்று பின்வாங்கினார்.

"பாய் ஒண்ணுதானுங்க இருக்குது. மூணு பேரு உக்காரலாம், அளந்து பாத்துட்டேன்" என்றேன்.

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். நான் நடுவில் உட்கார்ந்துவிட்டால் சம்பந்திக்கு வசதியாகிவிடும் என்று மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். சம்பந்தி நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு நடுவில் உட்கார்ந்து, "ரசம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

சாப்பிட்டு முடித்து எழுந்தால், மகள் என்னையும் உள்ளே விடவில்லை. நானும் வண்டியருகே, எருச் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். கேட்டின் மேல் வழியாக வேட்டியும் சோப்பும் வந்தன. சாலையோரக் குழாயில் ஊர் பார்க்கக் குளித்தேன். டிரைவர்தான் எனக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினார். "அய்யாவுக்கே இந்தக் கதிதானுங்களா" என்று அவர் சம்பந்தியிடம் சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அன்று வண்டியில் ஏற்றவில்லை. ஸ்டெப்னியை இறக்கிச் சுரண்டிக் கழுவிக் காயவைத்து மறுநாள் வரச் சொன்னாள் மகள். டிரைவர் முனகிக்கொண்டே போய், மறுநாள் அப்படியே வந்தார். தோப்பில் கொட்டிய எருவை வாரிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடியாயிற்று. "சாணிக்குப் பொணக்குழி வெட்ட வெச்சுட்டா என்ற மருமக" என்று சம்பந்தி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் யாரிடமும் வண்டி எரு கேட்கவில்லை. கேட்ட பக்கத்துத் தோட்டக்காரரையும் திட்டினார் என்று கேள்வி.

இதுவரை காய்ச்சல் எங்கள் பண்ணைக்கு வரவில்லை. இதுவரை என்ற சொல்லை நான் அழித்து எழுதுவதாக இல்லை.

போன வாரம் வண்டி மேடையில் ஒட்டி நின்றது. தளத்தின் மூலைகளில் சந்தேகம் வந்து, கொட்டகையிலிருந்து வந்த காலோடு மேடையில் ஏறி வண்டிக்குள் கால் வைக்கப் போனேன். டிரைவர் குறுக்கே கையை நீட்டினார்.

"பண்ணைச் செருப்போட என்ற வண்டியில ஏறாதீங்க அய்யா. நான் இன்னும் மூணு பண்ணைக்குப் போகோணும்."

எங்கள் பன்றிகளுக்கு ஒரு சீக்கும் இல்லை என்று சொல்ல நினைத்தேன். அவர் கையை எடுக்கவில்லை. நான் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு, மேடையில் நின்றபடியே மூலைகளை எண்ணிப் பார்த்தேன். நாலும் சுத்தமாகத்தான் இருந்தன.