வெந்நீரில் போட்ட வேலிமசால்

என் வீட்டுக்காரர் தொழிற்சாலையிலிருந்து ரிடையர் ஆன கையோடு ஒரு மாடு வாங்கி வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டபோது, வண்டி நிறுத்தத்தான் போடுகிறார் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் காலையில் டெம்போவிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சீமைப்பசு இறங்கியது.

"இன்னாங்க இது?"

"மாடு."

"அது தெரியுது. எதுக்கு?"

"இவ்ளோ வருசம் இரும்போட பேசினு இருந்தேன். இனிமே உயிரோட பேசலாம்னு."

அப்போ நான் யார் என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் அதற்குள் மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

வாங்கியது மழைக்காலம் முடிந்த நேரம். ராகித் தாள் மலிவாகக் கிடைத்தது. கடலைக்கொடி கிடைத்தது. கோடை வந்ததும்தான் கஷ்டம் தெரிந்தது. ரயில் பாதை ஓரமாக அரிவாளும் கோணியுமாகப் போவார். பாதிக் கோணிகூட நிரம்பாமல் திரும்பி வருவார். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் மாட்டை மேய விடவும் பயம். வெறும் தாளைத் தின்று தின்று பசுவின் விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது. அதைவிட வேகமாக இவர் இளைத்தார்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான் வேலிமசால் என்கிற தீவனச் செடியின் விதை கொடுத்தார். ஒருமுறை போட்டால் போதும், வெட்ட வெட்டத் தழைக்கும், தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும் தாங்கும், பாலுக்கு நல்லது என்றார். ஆனால் விதையின் தோல் ரொம்பக் கெட்டி. கொதித்து இறக்கிய தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, பிறகு ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால்தான் ஒழுங்காக முளைக்குமாம்.

இதைக் கேட்டதும் இவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையில் இவருக்கு வேலை ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில். இரும்பைச் சூடாக்கிக் குளிரவைப்பதே பிழைப்பாக இருந்தவர். "பாத்தியா, விதைக்கும் நம்ம வேலைதான்," என்று என் சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு நிலத்துக்குக் கிளம்பினார்.

நிலம் என் அப்பா எனக்குக் கொடுத்தது. சுரங்கத்தில் இறங்கிச் சம்பாதித்து, பேத்தமங்கலம் போகிற வழியில் வாங்கிப் போட்ட மானாவாரித் துண்டு. பக்கத்து நிலம் ஒரு தெலுங்குக்கார அம்மாவுடையது. புருஷன் இல்லை, ஒரே ஒரு பசுவை வைத்துப் பிழைப்பவள். நாங்கள் கல் அடுப்பு மூட்டிப் பானை வைத்ததைப் பார்த்துவிட்டு வரப்பு தாண்டி வந்தாள்.

"இன்னாக்கா, பொங்கலா?"

"விதைம்மா," என்றார் இவர்.

அவள் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அய்யய்யோ தேவுடா! விதைய வேகவெச்சா எப்டி மொளைக்கும்? அண்ணனுக்கு வெயில் ஒத்துக்கல போல. வீட்டுக்கு இட்னு போங்கக்கா."

எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான். ஆனாலும் அவள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்க முடியுமா? "இது வேற மாதிரி விதைம்மா," என்றேன், ஏதோ தெரிந்தவள்போல.

முளைத்தது. வரிசை வரிசையாக, புளியங்கொழுந்து மாதிரிச் சின்ன இலையோடு. இடுப்பளவு வளர்ந்ததும் முதல் தழைக்கட்டை அறுத்து, மொபெட்டில் வைத்துக் கட்டி வந்தோம். பசு முகர்ந்து பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டது.

இவர் கெஞ்சினார். மாடு அசையவில்லை. கடைசியில் ஒரு கொழுந்தைக் கிள்ளித் தன் வாயில் போட்டு, அதன் கண்ணெதிரே மென்று காட்டினார். "நல்லாத்தான் கீது. துன்னு பாரு." நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து லைன் ஆட்களெல்லாம் வந்துவிட்டார்கள். பிறகு தழையைப் பொடியாக நறுக்கி, ராகித் தாளோடு கலந்து, வெல்லத் தண்ணீர் தெளித்து வைத்தேன். முதல் நாள் பொறுக்கிப் பொறுக்கித் தின்றது. அந்த வாரத்துக்குள் கட்டை இறக்குவதற்கு முன்பே மொபெட்டை இழுக்க ஆரம்பித்தது.

அடுத்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ராகி கதிர் பிடிக்கவில்லை. தாளுக்கு எங்கே போவது? எங்கள் துண்டில் மட்டும் வேலிமசால் ஏதோ பச்சையாக நின்றது. கோடை தொடங்கியதும் ஒரு காலை அந்தத் தெலுங்கு அம்மா பசுவைப் பிடித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போவதைப் பார்த்தேன். பசு சினையாக இருந்தது. அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"எங்கம்மா?"

"சந்தைக்கு. போட ஒண்ணுமில்லக்கா. என் கையில சாவறதுக்கு, யார் வூட்லயாவது பொழச்சிக்கட்டும்."

இவர் அறுத்துக்கொண்டிருந்த தழைக்கட்டை அப்படியே கொண்டுவந்து பசுவின் முன்னால் போட்டார். அது எங்கள் மாடு மாதிரி யோசிக்கவில்லை. ரோட்டிலேயே நின்று தின்றது. அவள் கயிற்றை இழுத்துப் பார்த்தாள், அது நகரவில்லை.

"வேணாண்ணா. தெனம் சும்மா வாங்க எனக்கு மனசு வராது."

"யாரு சும்மா குடுக்கறா?" என்றேன் நான். "எனக்கு இடுப்பு வலி. நீ வந்து ரெண்டு பேருக்கும் அறு. பாதி நீ எடுத்துக்கோ."

என் இடுப்புக்கு ஒன்றுமில்லை என்று இவருக்குத் தெரியும். அவளும் என் இடுப்பை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் கயிற்றை வேப்ப மரத்தில் கட்டிவிட்டு, இவர் கையிலிருந்த அரிவாளை வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கோடை முழுக்க நானும் அவளும் ஒன்றாகத்தான் அறுத்தோம். இடுப்பு வலி இரண்டாம் நாளே எனக்கு மறந்துபோய் நானும் குனிந்துவிட்டேன். அவள் தெலுங்கில் கதை சொல்வாள். நான் தமிழில் பதில் சொல்வேன். இரண்டு மாட்டுக்கும் வயிறு நிறையவில்லைதான். ஆனால் இரண்டும் நின்றன.

முதல் மழைக்குப் பிறகு அவள் பசு கிடாரிக் கன்று போட்டது. மறுநாள் பஸ் ஏறி, வழி விசாரித்து, எங்கள் லைனுக்கே வந்துவிட்டாள், துணி கட்டிய தூக்குப் போசியோடு. சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்த ஜுன்னு. எனக்கு ஒரு துண்டு வைத்துவிட்டு மீதியை இவரே தின்றார். அவள் வாசப்படியில் உட்கார்ந்து, அவர் போசியின் அடியைச் சுரண்டுவதை வாய்கொள்ளாச் சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள்.